யன்னல் திறக்காத வெள்ளிக்கிழமை

ஜனவரி 9, வெள்ளி

சாம்பல் வானம். மழையும் இல்லை, பனியும் இல்லை, வெறும் ஈரக்குளிர். பத்து மணிக்குப் பல் வைத்தியரிடம் டெர்மின், முன்பே குறித்த நேரம். போய் வந்தாயிற்று. வலது கன்னம் இன்னும் மரத்தபடி. தேநீர் வாயோரம் வழிகிறது.

வைத்தியரின் உதவிப்பெண் பல்லிடையைத் துப்புரவாக்கும் நூலை இழுத்து விரலில் சுற்றினாள். அப்போது என் மாணவி மெலனியின் கேள்வி ஞாபகம் வந்தது. எத்தனையோ வருடங்களுக்கு முன், ஏழாம் வகுப்பு, உராய்வுப் பாடம். பின் வாங்கிலிருந்து, கையைக்கூட உயர்த்தாமல்:

"ஃப்ரௌ சிவபாலன், நூலை முறுக்கும்போது புதிதாக எதையும் சேர்க்கவில்லையே? பிறகு அந்தப் பலம் எங்கேயிருந்து வருகிறது?"

இந்த நாட்டில் பௌதிகம் படிப்பித்த காலம் முழுவதும் இதைவிட நல்ல கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதாக நினைவில்லை. அன்று மணி அடித்துவிட்டது. நாளை சொல்கிறேன் என்றேன். அடுத்த நாள் எதுவும் சொல்லவில்லை. ஆளுக்கொரு கடதாசிக் கைக்குட்டை கொடுத்தேன். அதை வைத்து என்ன செய்யச் சொன்னேன் என்று எழுத வேண்டும். இப்போது இல்லை. கன்னம் வலிக்கத் தொடங்குகிறது.

பின்னேரம் மகள் ஆரணி ரயிலிலிருந்து தொலைபேசி எடுத்தாள். "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே விளங்கிவிட்டது.

"திரும்பவும் அறுந்து போச்சம்மா."

"எப்ப?"

"காலமைதான். இந்தக் கிழமை முழுக்க இப்பிடித்தான். வாற வெள்ளி குழு வரேக்கையும் அறுந்தா, அவ்வளவுதான்."

வரும் வெள்ளி, 16ஆம் திகதி, அவளுடைய ஆய்வுகூடத்துக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்கள் கண்முன்னே இயந்திரம் ஓட வேண்டும். நூல் அறாமல் ஒரு பொபின் (நூல் சுற்றும் உருளை) நிறைய வேண்டும். நிறைந்தால் திட்டம் நீளும், நூல் அறுவைச் சிகிச்சை வைத்தியர்களின் கைக்குப் போகும். அறுந்தால் இந்த வசந்தத்தோடு எல்லாம் மூடப்படும். அவள் நூற்ற நூல். அவளே வரைந்து, வெட்டுவித்து, பூட்டிய புனல்.

"ஆரணி என்ன செய்யிறாள்?" என்று கோவிலில் கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் விளக்கம் (இன்னும் திருத்த வேண்டும்):

உடம்புக்குள் மெல்லக் கரைந்துபோகும் ஒரு பிளாஸ்டிக். அதைத் திரவமாக்கி ஊசி வழியே தள்ளுவார்கள். இடியப்ப உரல் மாதிரி. ஆனால் கை அழுத்தி வருவதல்ல இந்த மெல்லிசு. பெரிய மின்னழுத்தம் கொடுத்து மின்சாரமே அதை இழுத்து மெலிய வைக்கும்.

எவ்வளவு மெல்லிசு? ஒரு தலைமுடியின் தடிப்பு ஒரு பஸ்ஸின் அகலம் என்று வைத்தால், இந்த இழை சுண்டுவிரல்.

அப்படி எண்ண முடியாத அளவு இழைகள், சுழலும் புனலின் வாயில் திரையாகப் படியும். நுளம்பு வலையின் நடுவைக் கிள்ளி இழுத்தால் கூம்பாக வருமே, அப்படி இழுக்க வேண்டும். புனல் சுற்றிக்கொண்டே இருப்பதால் கூம்பின் நுனி முறுகி நூலாகும். அது போய்ப் பொபினில் சுற்றும்.

எதற்கு? தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் நாண் அறுந்தால் அதைச் சேர்க்க. பாகல் கொடிக்குக் கயிறு கட்டுவது போல. புது உயிர்க்கலங்கள் முறுக்கைப் பிடித்தபடி ஒரே திசையில் வளரும். வளர்ந்து முடிய, கயிறு தானாகவே கரைந்துவிடும்.

இவர் (கல்யாணமாகி இத்தனை வருடம், என் சொந்தக் குறிப்பிலும் "இவர்"தான்) எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது:

"அப்ப உம்மட மகள் இடியப்பம் புழியத்தான் கலாநிதிப் பட்டம் எடுத்தவள்."

பரிசு, பட்டம் என்றால் "என்ர மகள்". இடியப்பம் என்றால் "உம்மட மகள்".


ஜனவரி 10, சனி

தமிழ்க் கடை. சீலா மீன், கத்தரிக்காய், பொங்கலுக்குப் பச்சையரிசி, பயறு, சர்க்கரை. முந்திரிகை வத்தல் மறந்துவிட்டேன். ஏலக்காய் வீட்டில் இருக்கிறது என்று நினைவு. பார்க்க வேண்டும்.

கடையில் ஒரு பெண்மணி, கோவிலில் பார்த்த முகம், என் கையைப் பிடித்துக்கொண்டு:

"அக்கா, உங்கட மகள் டொக்டர் எண்டு சொன்னவை. என்ர முழங்காலை ஒருக்கா அவவுக்குக் காட்டலாமோ?"

"அவ அந்த டொக்டர் இல்லையம்மா."

"பின்ன?"

நான் வாய் திறக்க முதல் இவர் முந்திவிட்டார். "அவ நூல் டொக்டர்."

"அட, தையலோ? சட்டை தைக்கக் குடுக்கலாமோ அப்ப?"

வெளியே வந்தும் இவர் சிரித்தபடி. நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சிரித்தேன்.

இவர் மீன் பெட்டியில் எந்த மீன் என்று காட்டியது வலது கைச் சுட்டுவிரலால். அந்த விரல் மடங்காது. தொழிற்சாலையில் தகடு வெட்டி, நாண் அறுந்தது. வைத்தியர்கள் நன்றாகத்தான் தைத்தார்கள். ஆனால் ஆறும்போது நாண் சுற்றியிருந்த சதையோடு ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து தேநீர்க் கோப்பை பிடித்தாலும் நேரே, கும்பிட்டாலும் நேரே. "ஊருக்கெல்லாம் வழி காட்டுற விரல்" என்பார்.

ஆரணி அப்போது ஆரம்பப் பள்ளி. தினமும் பின்னேரம் அந்த விரலைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து மடக்கப் பார்ப்பாள். வைத்தியசாலையில் சொல்லித்தந்த பயிற்சி. நாங்கள் கைவிட்ட பிறகும் அவள் கொஞ்ச நாள் விடவில்லை.

ஏன் இந்தத் துறை என்று யார் கேட்டாலும், "புதுப் பொருள்கள் செய்யப் பிடிக்கும்" என்பாள். சரி. பிடிக்கும்தான்.


ஞாயிறு, 11

பத்தரைக்கு ரயில். ஆரணி மெலிந்திருக்கிறாள். கம்பளித் தொப்பி புதிது, நீலம்.

மீன் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பப்படம், பாயசம்.

சாப்பாட்டு மேசையில் வந்தது கதை. அவளோடு வேலை செய்பவன் ஹென்னிங். நல்ல பிள்ளை. நெடுவல். மழையிலும் சைக்கிளில் வருவான்.

"அவன் ஓட்டினா அறுகுதில்லை. நான் ஓட்டினா அறுகுது. கரைசல் ஒண்டு, ஊசி ஒண்டு, எல்லாம் ஒண்டு."

"அவனுக்கென்ன கைராசியோ?" இவர்.

"எல்லாரும் அப்பிடித்தான் பகிடி விடுகினம். எனக்கும் அலுத்துப் போச்சப்பா. வெள்ளிக்கிழமை நீயே நிண்டு ஓட்டு எண்டு அவனுக்குச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

இவருடைய கை சோற்றில் அப்படியே நின்றது. மடங்காத விரல் மட்டும் மேலே.

"புனல் ஆர் செய்தது?"

"நான்."

"அப்ப ஓட்டுறது ஆர்?"

"அப்பா, நூல் வந்தாச் சரிதானே. தேர் ஆர் இழுத்தாலும் போகும்."

"தேரை ஊரே செய்து ஊரே இழுக்குது. இது நீ செய்தது. விசர்க்கதை கதையாதை."

யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் முன் வாய் திறப்பதில்லை என்பது பழைய பழக்கம். பாயசம் ஊற்றினேன்.

பிறகு வழக்கம்போல யன்னல்கள். பொரித்தால் திறக்க வேண்டும். இது இந்த வீட்டுச் சட்டம். முன்பக்கம், பின்பக்கம், எல்லாம் அகல. இந்த நாட்டுக்காரர் இதற்கு "லூஃப்டன்" என்று பெயர் வைத்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் செய்வார்கள். இவர் அவர்களைவிட ஒரு தரம் கூட. சட்டி அடுப்பால் இறங்க முதலே யன்னல் பிடியில் நிற்பார். குளிர் உள்ளே பாய, ஆரணி தொப்பியைப் போட்டுக்கொண்டு பாயசம் குடித்தாள். பிறகு மூடினார். ஹைசுங்கைக் கூட்டினார். அறை சூடாகியது.

தொப்பியைக் கழற்றினாள். சடசடவென்று சத்தம். தலைமுடி முழுவதும் எழுந்து நின்றது.

"பேய்க்குட்டி மாதிரி இருக்கிறாய்" என்று இவர் சிரித்தார்.

ஆரணி சிரிக்கவில்லை. தொப்பியை மறுபடி போட்டாள். மறுபடி கழற்றினாள். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். ஒவ்வொரு முடியும் பக்கத்து முடியிலிருந்து விலகி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு. கரண்டி இன்னும் கையில்.

"அப்பா, அந்த ஈரமானி எங்க?"

வீட்டுச் சொந்தக்காரர் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும் என்று பயந்து தந்தது. குளியலறைக் கதவடியில் தொங்குகிறது. எடுத்து வந்தாள். 47 சதவீதம் காட்டியது. அதைக் கொண்டுபோய் முன் யன்னலடியில் வைத்துவிட்டு, யன்னலை மறுபடி அகலத் திறந்தாள்.

"ஐயோ பிள்ளை, இப்பத்தானே சூடு வந்தது!"

"கொஞ்சம் பொறுங்கோ."

மூன்று பேரும் போர்வையோடு இருந்தோம். மூடினாள். சூடேறச் சூடேற எண் இறங்கியது. 40. 36. கடைசியில் 31.

"வெளியில ஈரக்குளிர்தானே. அதை விட்டா ஈரம் கூடவெல்லோ வேணும்?" இவர் கேட்டார். நல்ல கேள்வி. வகுப்பென்றால் பாராட்டியிருப்பேன்.

"குளிர் காத்து சின்னக் கோப்பை அப்பா. கொஞ்சத் தண்ணியிலேயே நிரம்பியிருக்கும். சூடாக்கினா அது வாளியாப் போயிடும். தண்ணி அதே அளவுதான், அடியில கிடக்கும். அதுதான் காஞ்ச காத்து."

கோப்பையும் வாளியும். நான் சொல்லிக்கொடுத்தது அல்ல. எத்தனை வருடம் ஈரப்பதன் படிப்பித்தேன், இந்த உதாரணம் எனக்கு வரவில்லையே. மேசைக்குக் கீழே கையைக் கட்டி வைத்துக்கொண்டேன், கைதட்டிவிடக் கூடாதென்று.

பிறகு அவள் தனக்குத்தானே பேசுவது போல:

"காலமை முதல் போறது நான். போன உடன யன்னல் எல்லாம் திறக்கிறனான். கரைசல் மணம் நிக்குமெண்டு. இயந்திரம் இருக்கிற பெட்டிக்குப் புகை இழுக்கிற குழாய் இருக்கு, திறக்கத் தேவையே இல்லை. ஆனாலும் திறக்கிறனான். பிறகு மூடி, சூடாக்கிப்போட்டு ஓட்டத் தொடங்குவன். ஹென்னிங் ஓட்டுறது பின்னேரம். அதுக்குள்ள அறை பழையபடி வந்திடும்."

ஒன்றே ஒன்று கேட்டேன். "அங்க ஈரமானி இல்லையே?"

"இருக்கு. கதவடியில. சுடுதண்ணித் தொட்டிக்கு நேர மேல." தலையை மேசையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "அது எந்த நாளும் நல்ல எண்தான் காட்டும்."

மீன் வாசத்தோடு நாலு மணி ரயிலில் போய்விட்டாள். இன்னும் நிச்சயம் இல்லை என்றாள். நாளைக் காலை பார்த்துவிட்டுத்தான் சொல்வாளாம்.


12, திங்கள்

உடுப்புத் தோய்த்து அறைக்குள்ளேயே கொடி கட்டினேன். இவர் ஈரமானியை அதனடியில் வைத்து எண்ணைப் பார்த்தபடி. புது விளையாட்டு.

பதினொரு மணிக்குப் படம் வந்தது. பொபின், வெள்ளையாக, நிறைந்து. கீழே ஒரே சொல்:

"அறேல்லை!"

நடந்தது என்னவென்று எனக்காக: காற்று காய்ந்தால் இழையில் ஏறிய மின் ஏற்றம் போக வழியில்லை. அவளுடைய தலைமுடி போலத்தான். இழைகள் ஒன்றையொன்று தள்ளும். பாதி, புனலுக்கு வராமல் பெட்டிச் சுவரில் போய்த் தாடி போலத் தொங்கும். கூம்புக்கு ஆள் குறைவு. ஒல்லியான கூம்பு இழுவை தாங்காது. அறும்.

இருக்கிற இழைகளில் பலவீனம் எதுவும் இல்லை. வர வேண்டியவை வந்து சேராததுதான்.

இவர் மத்தியானம் யன்னல் திறக்கவில்லை. கவனித்தேன்.


செவ்வாய்

இன்று அறுந்தது.

எட்டு மணிக்கே எடுத்தாள். அழுகிறாளோ என்று பயந்தேன். இல்லை, ஆத்திரம்.

"கை தன்பாட்டில போகுதம்மா! ஜக்கெற்றைக் கழட்ட முதல் யன்னல் பிடியில நிக்குது. திறந்த பிறகுதான் கண்டனான். மூடிப்போட்டு ஓட்டினன். பட்டெண்டு போச்சு."

"இனி என்ன செய்யப் போறாய்?"

"கையைக் கட்டிப்போட்டுத்தான் போக வேணும்."

பின்னேரம் இரண்டாவது அழைப்பு, குரல் வேறு. யன்னல் பிடியில் ஒரு கடதாசி ஒட்டிவிட்டாளாம். தமிழில், சிவப்பு எழுத்தில்: "ஆரணி, திறவாதை!" ஹென்னிங் அதைப் பார்த்து, மந்திரமா என்று கேட்டானாம். ஓம், மிகப் பலமான மந்திரம், தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறாள். அவன் இப்போது அந்த யன்னலை விட்டு ஒரு அடி தள்ளித்தான் நடக்கிறானாம்.

வெள்ளிக்கிழமை தானே ஓட்டுவதாக அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் சொன்னது: "நான் எப்போது கேட்டேன்? நீயாகத் தூக்கித் தந்தாய். எனக்கு மூன்று நாளாக வயிறு சரியில்லை."

எனக்கு இந்தப் பொடியனைப் பிடித்திருக்கிறது.


புதன், 14

பனி. கார்களெல்லாம் வெள்ளை மெத்தை. இவர் வாசல் வழித்து உப்புப் போட்டார்.

சேலை அயர்ன் பண்ணினேன். ஏலக்காய் இருக்கிறது, பின் தட்டில்.

அந்தக் கை ஏன் தன்பாட்டில் போகிறது என்று காலையிலிருந்து மனதில். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

மூன்றாம் வகுப்பு. ஒரு நாள் பள்ளியால் வந்து ஜக்கெற்றைக் கழற்றி, உள்ளே கொழுவாமல், பல்கனிக் கம்பியில் போட்டாள். குளிர் காலம். ஏன் என்றேன். பக்கத்தில் இருக்கும் பிள்ளை சொன்னதாம்: "நீ சாப்பாடு மாதிரி மணக்கிறாய்." அவள் அழவில்லை. அந்தப் பிள்ளை கெட்டதும் இல்லை. அடுத்த மாதம் பிறந்தநாளுக்கு வந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுப் போனது. ஆனால் மறுநாள் காலையிலிருந்து ஆரணி பள்ளிக்குப் போகும் முன் ஒவ்வொரு அறையாகப் போய் யன்னல் திறப்பாள். அப்படித்தான் இந்த வீட்டுச் சட்டம் வந்தது. சட்டம் போட்டவள் எட்டு வயது. நாங்கள் கீழ்ப்படிந்தோம்.

இங்கே எந்தத் தமிழ் வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம்: தாளிக்கும்போது ஜக்கெற்றுகள் எந்த அறையில்? உடனே பதில் வரும். கதவு பூட்டிய அறையில். ஆசிரியர் அறையில் என் அலுமாரியில் ஒரு மாற்றுச் சட்டை எப்போதும் இருந்தது. யாரும் எதுவும் சொன்னதில்லை. இருந்தாலும் இருந்தது.

கவலைப்பட்டு எழுதவில்லை. கொஞ்சம் உண்டு. அதைவிடக் கூடுதலாக இருப்பது வேறு: இருபது வருடப் பழக்கத்தைக் கண்டுபிடித்து, அதன் பிடியில் கடதாசி ஒட்டியிருக்கிறாள்.


வியாழன். தைப்பொங்கல்.

பல்கனியில் மின்னடுப்பு, புதுப் பானை, சுற்றிவரப் பனி. பால் கொதிக்க எடுத்த நேரத்தில் ஒரு கல்யாணமே நடத்தியிருக்கலாம். இவர் பழக்கதோஷத்தில் மின்னடுப்பை ஊதினார்.

"விறகோ அது, ஊதுறீங்கள்?"

"மரியாதைக்கு ஊதுறன்."

பொங்கியது. எங்கள் பல்கனி வடக்கைப் பார்த்தது. சூரியனும் இல்லை. திசையைப் பார்த்துக் கும்பிட்டோம்.

மேல்மாடி ஃப்ரௌ கிறேட்டா தலையை நீட்டி, "என்ன இது மணம்?" என்றார். என் கை தானாகவே பானை மூடியைத் தேடியது. அதற்குள் அவர், "ஏலக்காய்தானே? இன்றைக்கா அந்தப் பண்டிகை? கிண்ணத்தோடு வருகிறேன்" என்று உள்ளே போய்விட்டார். வந்தார். கிண்ணம் பெரிது.

ஆரணி வரவில்லை, நாளைக்குரிய ஆயத்தம். தொலைபேசியில்:

"எந்தப் பக்கம் பொங்கினது?"

"கிழக்கு" என்றார் இவர், கண் இமைக்காமல்.

"பொய் சொல்லாதேங்கோ அப்பா."

"உனக்குக் கிழக்கு. போய்ப் படு."


வெள்ளி, 16

குளிர் கூடிவிட்டது. காய்ந்த குளிர். ஈரமானி 33. மனம் ஒரு நிலையில் இல்லை.

காலையிலிருந்து செய்தவை: அலுமாரித் தட்டுகள் துடைத்தது. அரிசி புடைத்தது, கல்லே இல்லாத அரிசி. கோவிலுக்கு எடுத்து நாளைய பூசை நேரம் கேட்டது (தெரியும்). இவர் தொலைபேசியை மேசை நடுவில் வைத்து அதற்கு முன்னால் இருந்தார்.

இரண்டரைக்கு அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டோம். அவள் சொன்னதை மறக்க முதல் அப்படியே எழுதுகிறேன்.

குழுவில் மூன்று பேர். தலைவி வயதான கைச் சத்திரசிகிச்சை வைத்தியர். உள்ளே வந்து கோட்டைக் கழற்றியதும் மூக்கைச் சுருக்கினாராம். "இங்கே காற்றே இல்லையே. கொஞ்சம் திறந்து விடுவோமா?" கேட்டுக்கொண்டே யன்னலுக்குப் போய்விட்டார். அவளுடைய பேராசிரியரும், ஆம், ஆம், தாராளமாக என்று தலையாட்டினாராம்.

"நான் என்ன செய்தனான் தெரியுமோ அம்மா?"

"சொல்லன், பிள்ளை!" இவர்.

"'வேண்டாம்' எண்டு சொன்னன். சத்தமாச் சொல்லிப்போட்டன். எல்லாரும் திரும்பிப் பார்த்தவை. 'மணக்குதுதான், எனக்குத் தெரியும். ஆனா திறந்தா நூல் அறும், தயவுசெய்து திறக்காதேங்கோ' எண்டன்."

ஹென்னிங் தன் சப்பாத்தைப் பார்த்தபடி. வைத்தியரின் கை பிடியில். அங்கே சிவப்பு எழுத்துக் கடதாசி.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

"என் பெயர். திறக்காதே என்று."

"உங்களுக்கு நீங்களே எழுதியதா?"

"ஆம். காலையில் திறப்பது நான்தான்."

அதோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அறுந்த நாட்கள், ஈரமானி தொங்கிய இடம், தொப்பி, தலைமுடி. மூன்றாம் வகுப்பைச் சொல்லவில்லை. அது அவர்களுக்கு வேண்டியதில்லை.

வைத்தியர் கையை எடுத்தார். ஒரு முக்காலியை இழுத்து, இயந்திரத்துக்கு மிகக் கிட்ட, அந்த மணத்துக்குள்ளேயே இருந்தாராம். "ஓட்டுங்கள்" என்றார்.

ஓட்டினாள். திரை, கூம்பு, நுனி, நூல். பொபின் நிறைந்ததாம். அறவில்லை.

குழுவிலிருந்த பொறியியலாளர், கூட முறுக்கினால் இன்னும் பலமா என்று கேட்டாராம். ஓர் அளவுக்கு மேல் முறுக்கினால் நூல் தன்மேல் தானே சுருண்டு முறியும் என்று அந்த அளவை வரைபடத்தில் காட்டியிருக்கிறாள். பிறகு வைத்தியர் கேட்டது:

"நீங்கள் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. முறுக்கியது மட்டும்தான். பிறகு இந்தப் பலம் எங்கேயிருந்து வருகிறது?"

மெலனியின் அதே கேள்வி. மெலனியின் கதையை ஆரணிக்கு ஒருபோதும் சொன்னதில்லை.

"நீ என்ன சொன்னனி?"

"'தனித்தனிய நிண்டா, இழுவை வரேக்க ஒவ்வொரு இழையா வழுக்கிப் போயிடும். முறுக்கியிருந்தா, இழுக்க இழுக்க ஒண்டையொண்டு நெருக்கிப் பிடிக்கும். இழுக்கிற பலமே பிடிக்கிற பலமா மாறுது' எண்டன். சரிதானே அம்மா?"

சரிதானே என்று என்னைக் கேட்கிறாள்.

வைத்தியர் ஒரு துண்டு நூல் கேட்டு வாங்கி, ஒற்றைக் கையாலேயே முடிச்சுப் போட்டாராம், சத்திரசிகிச்சைக்காரர் போடுகிற மாதிரி. இழுத்தார். நின்றது. இன்னொன்று போட்டார். அதுவும் நின்றது. திட்டத்தை நீட்டும்படி பரிந்துரைப்போம் என்று போகும்போது சொல்லிவிட்டே போனார்களாம்.

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது, "சாப்பிட்டியோ?"

இவர் தொலைபேசியை வாங்கிக்கொண்டு வாசல் வரை நடந்து போனார். திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் படியில், அவரிடம் உடைந்த ஜெர்மனில், உரத்து: "என் மகள்! என் மகள்!" அந்த மனிதருக்கு என்னவென்றே தெரியாது. கைகுலுக்கினார்.


சனி, 17

வெயில்! பனியில் பட்டுக் கண் கூசுகிறது.

ஆரணி வந்தாள். மீன் பொரித்தேன். இவர் எழுந்து யன்னலடிக்குப் போனார், பிடியில் கை வைத்தார், அவளைப் பார்த்தார்.

"இருக்கட்டும் அப்பா. சாப்பிட்டுப்போட்டுப் பாப்பம்."

வீடு முழுக்க மீன் மணக்க, மணக்கச் சாப்பிட்டோம். அவளுடைய ஜக்கெற் கதிரை முதுகிலேயே தொங்கியது. கவனித்தேன்.

கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு துண்டு நூல் கொண்டுவந்திருந்தாள். தையல் நூல் போலத்தான் இருக்கிறது. சாதாரண வெள்ளை. இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, பார்த்தார். அவள் அதை எடுத்து அந்த மடங்காத விரலில் மெல்லச் சுற்றினாள்.

"இது எனக்கு வேலை செய்யுமோ?"

"உங்களுக்கு இல்லை அப்பா. உங்கட காயம் எப்பவோ முடிஞ்சுது. மனுசருக்கு வர இன்னும் கன வருசம் போகும்."

"பறவாயில்லை. இனி வெட்டுப்படப் போறவன் இப்பத்தான் வேலைக்குச் சேர்ந்திருப்பான். அவனுக்காகும்."

விரலை அவளிடமிருந்து இழுக்கவில்லை. அவளும் நூலைக் கழற்ற அவசரப்படவில்லை. நான் பாத்திரம் கழுவப் போனேன், பார்க்காதது மாதிரி.

ஒன்பதாம் திகதி எழுதாமல் விட்டது, மெலனிக்குக் கொடுத்த பதில். இதை யார் எப்போது திறந்தாலும் அவர்களுக்கும்: ஒரு கடதாசிக் கைக்குட்டையில் இரண்டு விரல் அகலத்துக்குக் கீலமாகக் கிழித்து, இரு முனையையும் பிடித்து இழு, அறும். இன்னொரு கீலம் கிழி, இறுக முறுக்கு, இப்போது இழுத்துப் பார்.